எஸ்எஸ் 304 (எவர்சில்வர்) என்று சொல்லி ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) தகர அடுப்பை விற்கிறார்கள், வாங்கிவிடாதீர்கள்

கேரள எல்லையில் பூப்பாறை, சாந்தன்பாறை, போடிமெட்டுப் பக்கம் டென்ட் போட்டுத் தங்குகிறவர்களும் ஏலத்தோட்டத்தில் ராக்காவலுக்குப் படுக்கிறவர்களும் இதை முழுசாகப் படித்துவிடுங்கள். கீழே தேனிப் பக்கமிருந்து ஒருவர் வாட்ஸ்அப்பில் படம் போட்டு விறகு அடுப்பு விற்கிறார். கையடக்கம், இரட்டைச் சுவர், 304 கிரேடு எவர்சில்வர், எடை 400 கிராம், புகையே வராது, விலை 1,850 ரூபாய். வந்த பொருளில் இதில் ஒன்றுகூட உண்மையில்லை. விலையைத் தவிர.

எடையில்தான் முதலில் சந்தேகம் வந்தது. எங்கள் ஊரில் ஏலக்காய்த் தராசு இல்லாத வீடு உண்டா? வைத்துப் பார்த்தால் 710 கிராம். சரி, தகடு கொஞ்சம் கனமாகப் போட்டிருப்பார்கள் என்று மச்சான் சொன்னான்.

இந்த வகை அடுப்பு எப்படி வேலை செய்யவேண்டும் என்று சொன்னால்தான் மோசடி புரியும். விறகை உள்ளே அடுக்கி மேலிருந்து பற்றவைக்க வேண்டும். அடியில் உள்ள துளைகள் வழியாகக் கொஞ்சம் காற்று நேராக விறகுக்குப் போகும். மீதிக் காற்று இரண்டு சுவருக்கும் நடுவிலுள்ள சந்தில் ஏறி, சூடாகி, உள்சுவரின் மேல்விளிம்புத் துளைகள் வழியாக அடுப்புக்குள் வரும். விறகிலிருந்து கிளம்பும் புகை அந்தச் சூடான காற்றோடு கலந்து எரிந்துவிடும். நல்ல அடுப்பில் மேல்துளைகளைச் சுற்றிச் சுடர் கேஸ் பர்னர் மாதிரி வட்டமாக நிற்கும். 1980களில் அமெரிக்காவில் தாமஸ் ரீடும் நார்வேக்காரர் பால் வெண்டெல்போவும் தனித்தனியாக உருவாக்கிய முறை இது. இதில் கற்பனை எதுவும் இல்லை, ஒழுங்காகச் செய்தால் புகை நிஜமாகவே வெகுவாகக் குறையும்.

இவர் அடுப்பில் மேல்துளைகள் வரிசையாக அழகாக இருந்தன. ஆனால் உள்டப்பாவின் அடியை மடித்து, கீழ்த்துளைகளுக்கு மேலேயே வெளிச்சுவரோடு ரிவெட் அடித்துவிட்டார்கள். சந்துக்குள் காற்று போக வழியே கிடையாது. இருட்டு அறையில் செல்போன் டார்ச்சைக் கீழ்த்துளையில் வைத்து மேல்துளையைப் பாருங்கள். நல்ல அடுப்பில் வெளிச்சம் கசியும். இதில் கும்மிருட்டு. துளை வெறும் பார்வைக்குத்தான்.

புகை வந்ததோடு போயிருந்தால் இந்தப் பதிவே எழுதியிருக்க மாட்டேன். மழைச்சாரல் அடித்ததால் தோட்டத்து ஷெட்டின் தகரக்கூரைக்கு அடியில் வைத்துப் பற்றவைத்தோம். சரியாக எரியாததால் மச்சான் பக்கத்திலேயே உட்கார்ந்து குழல் வைத்து ஊதிக்கொண்டே இருந்தான். மேலே பூசியிருந்த பளபளப்பு சில்வர் பெயின்ட் பொரிந்து உரிந்தது. உள்சுவரில் மஞ்சளாக ஒரு படலம் படிந்தது. ஆறியதும் அதே படலம் வெள்ளைப் பொடியாக மாறியிருந்தது. சூட்டில் மஞ்சளாகவும் ஆறினால் வெள்ளையாகவும் மாறுவது துத்தநாக ஆக்சைடின் குணம். அதாவது அது எவர்சில்வரே இல்லை, துத்தநாகம் பூசிய ஜிஐ தகரம்.

நடுராத்திரியில் மச்சானுக்குக் குளிர் ஜுரம் கண்டது. உடம்பெல்லாம் வலி, வாயில் இரும்பு ருசி, கம்பளி மேல் கம்பளி போட்டும் நடுக்கம் நிற்கவில்லை. ஜுரம் விட்ட பிறகு போடியில் தெரிந்த வெல்டிங் பட்டறை அண்ணனிடம் அடுப்பைக் காட்டினேன். கையில் வாங்கிய உடனே, "தம்பி, இது ஜிஐ. இதுல வெல்டிங் வெச்சா எங்களுக்கே அன்னைக்கு ராத்திரி காய்ச்சல் வரும். இதுல போயி சமைச்சீங்களா?" என்றார். துத்தநாகம் 420 டிகிரியில் உருகும், 907 டிகிரியில் கொதிக்கும். குழல் வைத்து ஊதிய கங்கு அந்தச் சூட்டை எட்டிவிடும். அந்த ஆவியைச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்துத்தான் ஜுரம் வரும், பெரும்பாலும் ஓரிரு நாளில் விட்டுவிடும். ஆரோக்கியமான 30 வயது ஆளுக்கே அந்தப் பாடு. பக்கத்தில் ஒரு குழந்தை இருந்திருந்தால் என்று நினைத்தால் இன்னும் பதறுகிறது.

விற்றவருக்குப் போன் செய்தேன். "தீயில போட்ட சாமான திருப்பி எடுக்க மாட்டோம் சார்" என்றார். அடுப்பைத் தீயில் போடாமல் எப்படிச் சோதிப்பது? பில் கேட்டதும் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

அவர் விளம்பரத்தில் இன்னொரு அநியாயமும் உண்டு. காய்ந்த புல்மேட்டில் அடுப்பை எரியவிட்டு, காட்டில் எங்கும் பயன்படுத்தலாம் என்று எழுதியிருக்கிறார். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் பற்றிய தீயில் 20க்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்த மலைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு இப்படி எழுத எப்படி மனசு வருகிறது? காப்புக்காட்டில் தீ மூட்டுவது தமிழ்நாட்டிலும் குற்றம், கேரளாவிலும் குற்றம். சொந்தத் தோட்டம், அனுமதி உள்ள இடம், இவை தவிர வேறெங்கும் கூடாது. டென்டுக்குள் எந்த அடுப்பையுமே பற்றவைக்காதீர்கள், கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும்.

வாங்கப் போகிறவர்கள் காந்தம் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். ஜிஐ தகரத்தில் காந்தம் பச்சக்கென்று ஒட்டும், 304இல் ஒட்டாது, மடிப்புகளில் மட்டும் லேசாக இழுக்கலாம். ஆனால் மலிவான 202 கிரேடிலும் ஒட்டாது என்பதால், ஒட்டவில்லை என்றதுமே 304 என்று நம்பிவிட வேண்டாம். செலவே வேண்டாம் என்றால் பாத்திரக்கடையில் சுற்றிலும் ஓட்டை போட்ட எவர்சில்வர் கரண்டி ஸ்டாண்ட் கிடைக்கும். ஒரு பக்கம் விறகு நுழைக்க வாய் வெட்டி, மேலே இரண்டு கம்பி வைத்தால் டீ போட அதுவே போதும். விரல் தடிமனில் காய்ந்த காப்பிக் குச்சி நன்றாக எரியும். புகை வரும்தான், ஆனால் துத்தநாக ஆவி வராது.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள், கடைக்காரர் தமிழ்நாட்டில் இருக்கிறார், நாம் கேரளாவில் இருக்கிறோம் என்று விட்டுவிடாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, 2 வருஷத்துக்குள் போட வேண்டும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகாரைப் பதியுங்கள். பில் இல்லாவிட்டாலும் யுபிஐ ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, விளம்பரப் படம் எதையும் அழிக்காதீர்கள். நான் புகார் கொடுத்துவிட்டேன்.

இப்போது அதே அடுப்பு வேறொரு எண்ணிலிருந்து 1,600 ரூபாய்க்கு வருகிறது. கைப்பிடிக்குக் கீழே மூன்று ரிவெட் கோணலாக இருக்கும், பார்த்தாலே தெரியும்.