தாச்சிகோமாவுடன் ஆறு ஆண்டுகள்

பாகங்களைப் பொருத்திச் செய்யும் இந்த தாச்சிகோமா பிளாஸ்டிக் மாடல் கிட்டை வாங்கிய புதிதில் எழுதியிருந்தால் முழுக்க அதன் ஆயுதங்களைப் பற்றியே எழுதியிருப்பேன். ஆறு வருடம் ஆன பிறகு கால்களைப் பற்றித்தான் சொல்ல நிறைய இருக்கிறது.

2002-ல் தொடங்கிய 'கோஸ்ட் இன் த ஷெல்: ஸ்டாண்ட் அலோன் காம்ப்ளெக்ஸ்' என்ற அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) தொடரில் வரும் நீல நிற நடக்கும் டாங்கிதான் தாச்சிகோமா. நான்கு கால், ஒவ்வொரு பாதத்திலும் சக்கரம், முன்னால் இரண்டு கை, பின்னால் ஒரு ஆள் உட்காரும் பருத்த கூடு. தானாக யோசிக்கும், குழந்தை போலப் பேசும். மசாமுனே ஷிரோவின் மூல மங்காவில் (ஜப்பானிய காமிக்ஸ்) இதன் இடத்தில் இருப்பது ஃபுச்சிகோமா.

என்னுடைய மாடல் 1/24 அளவு. முன்பக்கம் மூக்கு போல நீளும் இடத்தில் கிரனேட் லாஞ்சரையோ பல குழல் சுழல் துப்பாக்கியையோ மாட்டலாம். ஆசையில் வாரம் ஒருமுறை மாற்றிக்கொண்டே இருந்தேன். ஒரே வருடத்தில் ஆயுதத்தை மாட்டும் முளை தேய்ந்து, லாஞ்சர் தலை கவிழ்ந்துவிட்டது. நிறமில்லாத நகப்பூச்சை முளையில் ஒரு கோட் தடவி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு மாட்டியதும் சரியானது. அப்புறம் சுழல் துப்பாக்கியைக் கழற்றவே இல்லை.

என்னைக் கேட்டால் தாச்சிகோமாவின் உண்மையான ஆயுதம் தொடரில் அது வீசும் கயிறுதான். அதைப் பீய்ச்சிக் கட்டடத்தில் ஒட்டவைத்து, சிலந்தி போலத் தொங்கித் தாவும். கிட்டில் கயிறு கிடையாது, நானே செய்தேன். பாகங்களை வெட்டியெடுத்த பிறகு மிஞ்சும் பிளாஸ்டிக் சட்டத்தில் ஒரு துண்டை மெழுகுவத்திச் சுடருக்கு மேலே காட்டி, இளகியதும் இரு முனையையும் நிதானமாக இழுத்தால் தலைமுடி அளவு இழை கிடைக்கும். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள்.

இனி கால்கள். இரண்டாம் வருடமே இடுப்பில் உள்ள பந்துகிண்ண மூட்டுகள் தளர்ந்தன. எடை முழுக்கப் பின்கூட்டில் இருப்பதால் பின்கால்கள் மெல்ல அகன்று, காலையில் பார்த்தால் வயிறு தரையில் கிடக்கும். கண்ணாடி அலமாரியில் சக்கரங்கள் வழுக்கியது இன்னொரு தொல்லை. பழைய சைக்கிள் டியூபை வெட்டிப் பாதங்களுக்கு அடியில் வைத்தேன், வழுக்கல் நின்றது. மூட்டுகளுக்கும் அதே நகப்பூச்சுதான், ஆனால் இங்கே மூன்று கோட் தேவைப்பட்டது.

நடப்பது போல நிறுத்த முயன்றபோதுதான் நான்கு காலின் கணக்கு புரிந்தது. ஒரு காலைத் தூக்கினால் மற்ற மூன்றும் தரையில் ஒரு முக்கோணம் போடும். மொத்த எடையின் மையம் அதற்குள் விழ வேண்டும். முன்காலைத் தூக்கினால் நிற்கும். பின்காலைத் தூக்கினால் அந்தப் பக்கமே சாய்ந்துவிடும். மமோரு ஓஷி இயக்கிய 1995 'கோஸ்ட் இன் த ஷெல்' படத்தில் வரும் டாங்கிக்கு ஆறு கால். மூன்றைத் தூக்கினாலும் மூன்று தரையில் இருக்கும். அருங்காட்சியகச் சுவரில் செதுக்கிய, உயிரினங்களின் பரிணாமத்தைக் காட்டும் மரத்தை அதன் குண்டுகள் சிதைத்துக்கொண்டே மேலேறும் காட்சி இன்றும் என்னை நடுங்க வைக்கிறது. அது பேசாத இயந்திரம். தாச்சிகோமாவிடம் அந்தப் பயம் வரவே இல்லை. தொடரின் முதல் பருவத்தின் 25-ஆம் பகுதியில், தொடரின் முக்கியப் பாத்திரங்களில் ஒருவரான பாட்டோவைக் காப்பாற்ற மூன்று தாச்சிகோமாக்கள் தங்களையே கொடுக்கும்போது நான் அழுதுவிட்டேன். என் மேசையில் இருப்பதை ஆயுத மாடலாக நினைக்க முடியாமல் போனது அதன் பிறகுதான்.

இப்போது முன்கால் ஒன்றைச் சற்றே தூக்கி, உடலைத் தாழ்த்தி, ஒரு கையை உயர்த்தி நிறுத்தியிருக்கிறேன். எட்டு மாதமாக அசையவில்லை. புதிதாகச் செய்யப்போகிறவர்கள் பெயின்ட் அடிப்பதற்கு முன்பே இடுப்பு மூட்டுகளைக் கெட்டியாக்கிவிடுங்கள். நான் பிறகு கழற்றியபோது நீலம் உரிந்துவிட்டது, இடது தொடையில் அந்த வடு இன்னும் இருக்கிறது.