கப்பலில் நாமே துணி துவைக்கலாம், டிரையர்தான் படுத்தும்

பத்து நாள் கப்பல் பயணத்துக்கு ஐந்து நாள் துணி போதும், கப்பலில் நாமே துவைத்துக்கொள்ளும் அறை இருந்தால். அதை நம்பித்தான் சின்னப் பெட்டியோடு ஏறினேன், நம்பிக்கை வீண்போகவில்லை. ஆனால் எல்லாக் கப்பலிலும் இந்த வசதி கிடையாது, டிக்கெட் எடுக்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கார்னிவல், பிரின்சஸ், டிஸ்னி நிறுவனங்களின் சுற்றுலாக் கப்பல்களில் காசு கட்டித் துவைக்கும் அறை உண்டு. குனார்டிலும் வைக்கிங்கின் கடல் கப்பல்களிலும் அது இலவசம். ராயல் கரீபியனிலும் செலிபிரிட்டியிலும் பயணிகளுக்கென்று அப்படி ஒரு அறையே கிடையாது, ஊழியர்களிடம் கொடுத்துத்தான் வாங்க வேண்டும், அதற்குச் சட்டைக்கு இவ்வளவு, பேண்டுக்கு இவ்வளவு, காலுறைக்கு இவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அந்தக் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று சொல்லவே வேண்டாம்.

பயணம் பாதி ஓடிய பிறகு 'ஒரு பை நிறைய எவ்வளவு திணித்தாலும் ஒரே விலை' என்று கேபினில் சீட்டு வைப்பார்கள். பனியன், உள்ளாடை, டி-ஷர்ட் மாதிரி அடித்துத் துவைக்கிற துணிக்கு அது நல்ல பேரம்தான். ஆனால் பெரும்பாலும் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, நல்ல சூட்டில் காயவைத்து, மடித்து மட்டும் தருவார்கள், அதனால் சாயம் போகிறதையும் சுருங்குகிறதையும் அந்தப் பையில் போடாதீர்கள்.

சரி, நாமே துவைக்கும் அறைக்கு வருவோம். நான் போன கப்பலில் கேபின்கள் இருக்கிற டெக்கிலேயே, அதாவது அதே தளத்திலேயே, நடைபாதை ஓரத்தில், ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை. வரிசையாக மூன்று வாஷிங் மெஷின், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு டிரையர், எதிரே இஸ்திரி மேசை, அதோடு கட்டிப்போட்ட அயர்ன் பாக்ஸ். கதவைத் திறந்ததுமே சோப்பு வாசனையும் வெக்கையும் முகத்தில் அடிக்கும். மெஷின்கள் நன்றாகவே வேலை செய்தன. அரை மணிக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகும், நன்றாகப் பிழிந்து தரும், சட்டைக் காலர் அழுக்கு கூடப் போய்விட்டது. துவைப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

சோப்புத்தூளை மட்டும் வீட்டில் போடுகிற அளவுக்குப் போடாதீர்கள். கப்பல் தண்ணீரில் பெரும்பகுதி கடல்நீரைக் காய்ச்சி வடித்தோ ஆர்ஓ முறையில் உப்பை எடுத்தோ செய்வது, கடினத்தன்மை குறைவு, அதனால் நுரை பொங்கும். பாதி அளவு போதும். கூடப் போட்டால் அலசியும் சோப்பு போகாது, காய்ந்த பிறகு துணி விறைப்பாக நிற்கும், வியர்த்தால் அரிக்கும். அங்கே விற்கிற பொட்டலம் விலை அதிகம். காகிதம் மாதிரி தாளாக வருகிற சோப்பைக் கொண்டுபோனேன், கொட்டாது, சிந்தாது, பெட்டியில் இடமும் அடைக்காது. சில கப்பல்களில் மெஷினே சோப்பை ஊற்றிக்கொள்ளும், அங்கே நாம் எதுவும் போடத் தேவையில்லை.

இப்போது டிரையர். என் மனக்குறை முழுக்க இங்கேதான். முக்கால் மணி என்று காட்டும், முடிந்ததும் திறந்தால் டி-ஷர்ட் காய்ந்திருக்கும், ஜீன்ஸ் இடுப்புப் பட்டையும் பாக்கெட்டும் ஈரமாகவே இருக்கும், இன்னொரு முறை ஓட்ட வேண்டும், அதற்குள் பின்னால் இரண்டு பேர் கூடையோடு காத்திருப்பார்கள். காரணம் என்னவென்று, துணியிலிருந்து உதிர்கிற பஞ்சைப் பிடிக்கும் வடிகட்டியை டிரையரிலிருந்து உருவிப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில், விரல் கனத்துக்குப் பஞ்சு படிந்து, ஒரு துண்டுக் கம்பளி மாதிரி அப்படியே உரிந்து வந்தது. எனக்கு முன்னால் எத்தனை பேர் அதைத் தொடாமல் போனார்களோ! சுத்தம் செய்து போட்டதும் அதே டிரையர் அதே நேரத்தில் சட்டைகளை நன்றாகக் காயவைத்தது. வடிகட்டியைச் சுத்தம் செய்யுங்கள் என்று ஒரு அறிவிப்பு கூட அந்த அறையில் கண்ணில் படும்படி இல்லை, ஊழியர்களும் அடிக்கடி வந்து பார்ப்பதாகத் தெரியவில்லை. இதை நான் பெரிய குறையாகவே சொல்கிறேன்.

ஏனென்றால் கப்பலில் பஞ்சு விளையாட்டு இல்லை. 1998 ஜூலை 20 அன்று எக்ஸ்டஸி என்ற கப்பல் மயாமியை விட்டுக் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் தீப்பிடித்தது. ஊழியர்களின் பெரிய சலவைக்கூடத்தில் செய்த வெல்டிங்கிலிருந்து பற்றிய தீ, காற்றோட்டக் குழாய்களில் சேர்ந்து கிடந்த பஞ்சு வழியாகப் பரவி, பின்பக்க டெக்கு வரை போய்விட்டது. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்துக் கண்டது இது. அது பயணிகள் துவைக்கிற அறை இல்லை, உண்மை. ஆனால் பஞ்சு எங்கே இருந்தாலும் பஞ்சுதான். உங்கள் முறை வரும்போது முதலில் வடிகட்டியை உருவுங்கள், முடிந்த பிறகும் ஒரு தடவை.

அயர்ன் பாக்ஸையும் நீராவி இஸ்திரியையும் கேபினுக்குள் விடாததும் இதே பயத்தால்தான். பெட்டியை ஸ்கேன் செய்யும்போதே எடுத்து வைத்துக்கொள்வார்கள், இறங்கும்போதுதான் கிடைக்கும். பால்கனியில் துணி காயப்போடக் கூடாது என்பதையும் வெறும் அழகுக்காகப் போட்ட சட்டம் என்று நினைக்காதீர்கள். 2006 மார்ச்சில் ஸ்டார் பிரின்சஸ் கப்பலில் பால்கனிகள் வரிசையாக எரிந்தன, புகையில் ஒருவர் இறந்தார். அணையாத சிகரெட் ஒன்று பால்கனியில் இருந்த துணி போன்ற ஏதோ ஒன்றில் பட்டிருக்கலாம் என்றுதான் விசாரணையில் சொன்னார்கள். அது போகட்டும், அங்கே போட்டாலும் துணி காயாது. உப்புக்காற்று பட்டுப் பிசுபிசுவென்று ஆகிவிடும், பெரிய காற்று வந்தால் துணியே இருக்காது.

கூட்டம் எப்போது இருக்கும் என்பதில்தான் பாதி வெற்றி. நாள் முழுக்கக் கடலிலேயே இருக்கிற நாளில் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தப் பக்கம் போகாதீர்கள், மெஷின் கிடைக்காது. துறைமுகத்தில் நிற்கும் நாளில் எல்லோரும் ஊர் பார்க்கப் போய்விடுவார்கள், மதியமே திரும்பி வந்தால் அறை காலியாக இருக்கும். விடியற்காலையும் நல்ல நேரம், ஆனால் சில கப்பல்களில் இரவு பூட்டிக் காலையில்தான் திறப்பார்கள், நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். மெஷின் நின்ற பிறகும் ஆளைக் காணவில்லை என்றால் அடுத்தவர் நம் துணியை எடுத்து மேசைமேல் குவித்துவிடுவார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. போனில் அலாரம் வைத்துவிட்டு, முடிகிற நேரத்துக்கு அங்கே நில்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் அந்த அறைக்குப் போக வேண்டியதும் இல்லை. உள்ளாடை, நீச்சல் உடை, மெல்லிய பாலியஸ்டர் சட்டை இவற்றைக் கேபின் கைகழுவும் தொட்டியிலேயே அலசிவிடலாம். பிழிந்த துணியைக் காய்ந்த குளியல் துண்டின் மேல் விரித்து, பாய் சுருட்டுவதுபோல் இறுக்கிச் சுருட்டி, முழங்காலால் நன்றாக அழுத்துங்கள், பாதி ஈரம் துண்டுக்குப் போய்விடும். பல கப்பல்களில் குளிக்கும் இடத்திலேயே இழுத்துக் கட்டுகிற கொடி இருக்கும். கேபின் சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடு, காந்தக் கொக்கி ஒட்டும், ஏசி காற்று வருகிற பக்கம் ஹேங்கரில் மாட்டிவிட்டால் இரவில் போட்டது காலையில் தயார். தடிமனான பருத்தியையும் ஜீன்ஸையும் மட்டும் இப்படி முயல வேண்டாம். இரண்டு நாளானாலும் காயாது, ஈர வாடை வேறு பிடித்துக்கொள்ளும்.

மொத்தத்தில் துவைப்புக்கு முழு மதிப்பெண், டிரையருக்குப் பாதி, பராமரிப்புக்கு அதிலும் குறைவு. இந்த அறை இருக்கிற கப்பலாகப் பார்த்துத்தான் அடுத்த தடவையும் டிக்கெட் எடுப்பேன். அப்புறம், கடைசி நாளுக்கு என்று துணியைச் சேர்த்து வைக்காதீர்கள். இறங்குவதற்கு முந்தின இரவே பெட்டியைக் கேபின் வாசலில் வைக்கச் சொல்வார்கள், அன்றைக்குத்தான் டிரையர் முன்னால் பெரிய வரிசை நிற்கும். அதற்கு முந்தின நாளே துவைத்து முடித்துவிடுங்கள்.