பத்து கிலோமீட்டர் என்றால் பத்து கிலோமீட்டர்: ஜோன்ஸ் கவுண்ட்டர் பற்றி ஒரு பி.டி. டீச்சர்

டீ-சர்ட் துணி எத்தனை ஜி.எஸ்.எம். கனம், மெடல் ரிப்பன் என்ன நிறம், ஓட்டத்துக்கு முன்னால் ஜும்பா ஆடவைக்க யாரைக் கூப்பிடலாம்? ஊரில் ஓட்டப் பந்தயம் நடத்தும் குழுக்களில் பேச்சு பெரும்பாலும் இதைச் சுற்றித்தான். தூரம் என்று வரும்போது மட்டும் யாராவது ஒரு தம்பி பைக்கில் போய் மீட்டரைப் பார்த்துவிட்டு வந்து, "அஞ்சு போயி அஞ்சு வந்தா பத்து, சரியா இருக்கு டீச்சர்" என்பான். அதோடு அந்த விஷயம் முடிந்துவிடும்.

நான் ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியை. பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புத் தூள் போட்டு 400 மீட்டர் டிராக் வரைந்தே வாழ்க்கை போனது. உள்விளிம்பில் உயர்ந்த கரை இருந்தால் 30 சென்டிமீட்டர், வெறும் கோடு என்றால் 20 சென்டிமீட்டர் தள்ளி அளந்தால்தான் முதல் லேன் 400 மீட்டர். ஒட்டி அளந்தால் கணக்கு வேறு. மைதானத்தில் இவ்வளவு பார்க்கிறோம், ரோட்டுக்கு வந்ததும் பைக் மீட்டர் போதும் என்று விட்டுவிடுகிறோம். காரைக்குடியில் எங்கள் ஓட்டக் குழு பத்து கிலோமீட்டர் பந்தயம் நடத்த ஆரம்பித்தபோது தூரத்தை என் பொறுப்பில் விடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். அதற்காக வாங்கியதுதான், சைக்கிளில் பூட்டி ரோட்டுத் தூரத்தை அளக்கும் இந்த ஜோன்ஸ் கவுண்ட்டர்.

பார்க்க ஒன்றும் இருக்காது. உள்ளங்கையில் அடங்கும். ஒரு சின்னப் பல்சக்கரப் பெட்டி, அதன் மேல் ஆறு இலக்க எண் காட்டும் மீட்டர், அவ்வளவுதான். பேட்டரி கிடையாது, ஆப் கிடையாது. சைக்கிளின் முன்சக்கரத்தில், ஹப்புக்கும் போர்க்குக்கும் நடுவில் இடது பக்கம் மாட்டவேண்டும். அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு விரல் ஸ்போக்ஸ் கம்பிகளுக்கு நடுவே போய் உட்காரும். சக்கரம் சுற்றினால் அதுவும் சுற்றும், எண் ஏறும். சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் கிட்டத்தட்ட 23.6 எண் கூடும். பின்னால் உருட்டினால் எண் குறையும். இந்தக் கடைசி விஷயம் எவ்வளவு பெரிய உதவி என்பது ரோட்டில் இறங்கினால்தான் தெரியும். குறிக்கவேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டால் சைக்கிளை மெதுவாகப் பின்னால் தள்ளினால் போதும், கணக்குக் கெடாது.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ஆலன் ஜோன்ஸ் என்ற ஓட்டக்காரர் 1970களின் தொடக்கத்தில் உருவாக்கியது இது. மகன் கிளெய்னின் சைக்கிளில் வைத்துத்தான் சோதித்தாராம். இத்தனை வருஷத்தில் உலகத்தில் எவ்வளவோ மாறியும், பெரிய மராத்தான்களை அதிகாரபூர்வமாக அளக்க இன்றைக்கும் இதே முறைதான். உலக தடகள அமைப்பு ஏற்றுக்கொள்ளும் அளவீடு கவுண்ட்டர் பூட்டிய சைக்கிளில் எடுத்ததுதான். செயற்கைக்கோள் வழியாக இடம் காட்டும் ஜி.பி.எஸ். வாட்ச்சில் எடுத்தது செல்லாது.

காரணம் எளிது. இந்தக் கவுண்ட்டருக்கு மீட்டரும் தெரியாது, கிலோமீட்டரும் தெரியாது. எண்ண மட்டும்தான் தெரியும். என்னுடைய சைக்கிள், என் எடை, அன்றைய காற்று, அன்றைய வெயில், இவற்றுக்கு ஒரு மீட்டருக்கு எத்தனை எண் என்பதை நாம்தான் அதற்குக் கற்றுக்கொடுக்கவேண்டும். அதற்கு முதலில் நேரான, மேடு பள்ளமில்லாத ரோட்டில் குறைந்தது 300 மீட்டரை இரும்பு டேப்பால் அளந்து, இரு முனையிலும் ஆணி அடித்துக்கொள்ளவேண்டும். பள்ளிக்கூட பைபர் டேப் வேண்டாம், இழுத்த இழுப்புக்கு நீளும். இரும்பு டேப்பையும் ஸ்பிரிங் தராசு மாட்டி ஐந்து கிலோ இழுவையில் பிடிக்கவேண்டும். இரும்பு டேப் 20 டிகிரி வெப்பத்துக்குச் சரியாக இருக்கும்படி செய்யப்படுவது. நம் ஊரில் காலையிலேயே 35 டிகிரி இருந்தால் 300 மீட்டரில் ஐந்து சென்டிமீட்டர் வித்தியாசம் வந்துவிடும். அதையும் கழித்துக்கொள்ளவேண்டும். அழகப்பா பல்கலைக்கழகப் பக்கம் எங்களுக்கு ஒரு நல்ல நேர் ரோடு கிடைத்தது. விடியற்காலையில் நாங்கள் டேப்பும் தராசுமாக நிற்பதைப் பார்த்து, வாக்கிங் வந்த ஒரு ஐயா, "ரோட்டை அகலப்படுத்தப் போறாங்களாம்மா?" என்று கவலையாகக் கேட்டுவிட்டுப் போனார்.

அந்த 300 மீட்டரில் நான்கு தரம் ஓட்டவேண்டும். என் சைக்கிளுக்குச் சராசரி 3,456 எண் வந்தது. மீட்டருக்கு 11.52. அதாவது ஒரு எண் என்பது ஒன்பது சென்டிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. கிலோமீட்டருக்கு 11,520. அப்புறம் அதை 1.001 ஆல் பெருக்கவேண்டும். ஆயிரத்தில் ஒரு பங்கு வேண்டுமென்றே கூட்டிக்கொள்வது. பந்தயம் எந்தக் காரணத்தாலும் குறைந்துவிடக்கூடாது என்பதற்கான காப்பு இது. பத்து கிலோமீட்டருக்குப் பத்து மீட்டர் கூட ஓடினால் யாருக்கும் நஷ்டமில்லை. பத்து மீட்டர் குறைந்தால் ஓடிய எல்லாருடைய நேரமும் வீண். ஆக, எனக்குப் பத்து கிலோமீட்டர் என்றால் 1,15,315 எண்.

பாதையை அளந்து முடித்ததும் மறுபடியும் அதே 300 மீட்டரில் நான்கு தரம் ஓட்டச் சொல்கிறார்கள். வெயில் ஏற ஏற டயருக்குள் காற்று விரியும், சக்கரம் துளி பெரிதாகும், எண் குறையும். எனக்கு 3,453 ஆனது. மூன்றே மூன்று எண்தானே என்று தோன்றும். பத்து கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டால் எட்டரை மீட்டருக்கு மேல். இரண்டில் பெரிய எண்ணை வைத்துக்கொண்டேன், பாதை குறைய வாய்ப்பில்லை.

இவ்வளவு பாடு எதற்கு, கையில் வாட்ச் இருக்கிறதே என்று எங்கள் குழுவிலேயே கேட்டார்கள். வாட்ச் பயிற்சிக்கு நல்லது, நானும் கட்டுகிறேன். ஆனால் அது சில விநாடிக்கு ஒருமுறை நீங்கள் இருக்கும் இடத்தைத் தோராயமாகக் குறித்து, அந்தப் புள்ளிகளைச் சேர்த்துத் தூரம் சொல்கிறது. புள்ளி ஒவ்வொன்றும் இரண்டு மூன்று மீட்டர் இப்படி அப்படி விழும். மரத்தடியிலும் கட்டடங்களுக்கு நடுவிலும் இன்னும் மோசம். அதற்கு மேல், ஓடுகிறவர் தண்ணீர் வாங்க ஓரத்துக்குப் போவார், முன்னால் போகிறவரைச் சுற்றிக்கொண்டு தாண்டுவார், வளைவில் வெளிப்பக்கமாகப் போவார். அதனால்தான் சரியாக அளந்த பத்து கிலோமீட்டரில் வாட்ச் 10.1, 10.2 என்று காட்டும். ஓட்டம் முடிந்ததும் நாலு பேர் வந்து கையை நீட்டிக் காட்டுவார்கள். இப்போதெல்லாம் நெஞ்சில் குத்தும் எண் அட்டையோடு கொடுக்கும் தாளிலேயே இதை இரண்டு வரியில் அச்சிட்டுவிடுகிறோம்.

ரோட்டுக் காண்டிராக்டர்கள் தள்ளிக்கொண்டு போகும் அளவுச் சக்கரம்? நடந்து தள்ளவேண்டும், ஒவ்வொரு ஜல்லியிலும் துள்ளும். ஒரு தெருவுக்குச் சரி, பத்து கிலோமீட்டருக்கு வேண்டாம். கூகுள் மேப் முதல் திட்டத்துக்கு நல்லது, அவ்வளவே.

தூரம் தவறினால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய இடத்து உதாரணங்களே இருக்கின்றன. 1981 நியூயார்க் மராத்தானில் ஆல்பர்ட்டோ சலசார் 2 மணி 8 நிமிடம் 13 விநாடியில் ஓடியதை உலகின் மிகச் சிறந்த நேரம் என்று கொண்டாடினார்கள். பின்னால் பாதையைத் திரும்ப அளந்தபோது சுமார் 148 மீட்டர் குறைவு. சாதனை போனது. இங்கிலாந்தில் மான்செஸ்டர் மராத்தான் 2013 முதல் 2015 வரை 380 மீட்டர் குறைவாகவே நடந்தது பிறகு தெரியவந்தது. ஏறத்தாழ 24,000 பேர் ஓடிய நேரம் செல்லாததாகிவிட்டது. அவ்வளவு பணமும் ஆளும் உள்ள இடத்திலேயே இப்படி. பக்கத்து மாவட்டத்தில் ஒரு பந்தயத்துக்கு, பெயர் வேண்டாம், ஏற்பாட்டு நிறுவனம் ஒன்று "அளவிடப்பட்ட பாதை" என்று கலர் மேப் கொடுத்திருந்தது. உற்றுப் பார்த்தால் யாரோ ஒருவருடைய வாட்ச் பதிவை அப்படியே அச்சடித்திருக்கிறார்கள். கோடு கண்மாய்க்குள் இறங்கி ஏறியது.

சரி, கவுண்ட்டரில் குறை இல்லையா? உண்டு. எண்கள் பொடிப்பொடியாக இருக்கின்றன. வெள்ளெழுத்துக் கண்ணாடி போடும் வயதில், ஓட்டிக்கொண்டே முன்சக்கர நடுவில் குனிந்து படிப்பது ஆபத்து. நின்று, முன் பிரேக்கைப் பிடித்து, சக்கரம் அசையாமல் வைத்துத்தான் படிக்கவேண்டும். நம் ஊர் சைக்கிளுக்கு அப்படியே பொருந்தும் என்றும் நினைக்காதீர்கள். மட்கார்டு கம்பியும் ஆக்சிலில்தான் வந்து மாட்டும், கவுண்ட்டருக்கு இடம் இருக்காது. செக்காலை ரோட்டில் எனக்குத் தெரிந்த சைக்கிள் கடைத் தம்பி முன் மட்கார்டையே கழற்றிவிட்டு, கூடுதலாக ஒரு வாஷர் போட்டு இறுக்கிக் கொடுத்தார். நட்டு தளர்ந்தால் பெட்டி ஆடும், கம்பியில் உரசும். கிளம்பும் முன் ஒருமுறை கையால் ஆட்டிப் பார்ப்பது நல்லது. இந்தியக் கடைகளில் நான் பார்த்ததில்லை. அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் மகன் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தான். விலை, பந்தயத்தன்று காலைக்கு நாங்கள் எடுக்கும் மைக்செட் வாடகையைவிடப் பெரிதாக அதிகமில்லை. மைக்செட் அன்றோடு சரி.

கருவியைவிட ஓட்டும் முறைதான் கஷ்டம். ஓடுகிறவர் போகக்கூடிய மிகக் குறுகிய வழியில் சைக்கிள் போகவேண்டும். வளைவுகளில் உள்விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர், கரை உள்ள டிராக்கின் அதே கணக்கு. ஒரு வளைவிலிருந்து அடுத்த வளைவுக்கு நேர்கோடு. வெளிநாட்டில் ரோடு முழுவதையும் அடைத்துவிடுவார்கள், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு வெட்டிக்கொண்டு போகலாம். எங்களுக்குப் போலீஸ் கொடுத்த அனுமதி இடது பாதி மட்டும். அதனால் நடுக்கோட்டைத் தாண்டாமல்தான் அளந்தோம். அப்படி அளந்துவிட்டால் பந்தயத்தன்று வலது வளைவுகளில் கோன் வைத்தே ஆகவேண்டும். இல்லையென்றால் முன்னால் ஓடும் பையன்கள் அறுத்துக்கொண்டு போய்விடுவார்கள், நாம் அளந்தது ஒரு பாதை, அவர்கள் ஓடியது வேறு பாதை. விடியற்காலை ஐந்து மணிக்குத்தான் இதைச் செய்யமுடியும். பின்னால் ஒரு ஸ்கூட்டர் நான்கு விளக்கும் சிமிட்டிக்கொண்டு வரவேண்டும். அப்படியும் ஒரு மணல் லாரி வந்தால் ஓரமாக நின்றுவிடுங்கள். எண் எங்கும் ஓடிவிடாது.

எங்கள் பாதை குன்றக்குடி ரோட்டில் போய்த் திரும்புவது. இப்படிப்பட்ட பாதைகளில் தொடக்கம், முடிவைவிட முக்கியமான இடம் திரும்பும் புள்ளி. அங்கே நிற்கும் தன்னார்வலர் நிழலுக்காகக் கோனை இருபது மீட்டர் முன்னால் இழுத்து வைத்துக்கொண்டால் பந்தயம் நாற்பது மீட்டர் குறைந்தது. அத்தனை காலை வேலையும் போச்சு. அதனால் திரும்பும் புள்ளியில் வாஷரோடு கான்கிரீட் ஆணி அடித்து, பக்கத்து ஈ.பி. கம்பத்தின் எண்ணையும், கம்பத்திலிருந்து ஆணி எத்தனை மீட்டர் என்பதையும் எழுதி வைத்திருக்கிறோம். பெயின்ட் மட்டும் போதாது, அடுத்த தேர்தலுக்கு முன் தார் போட்டால் போய்விடும். அந்தக் கோனுக்கு நான் குழுவிலேயே பிடிவாதமான ஆளாகப் பார்த்து நிறுத்துகிறேன். போனமுறை நின்ற மாணவியிடம் ஒரு கவுன்சிலர், "கொஞ்சம் தள்ளி வச்சுக்கம்மா, கார் போகணும்" என்று கேட்டதற்கு, "டீச்சர் ஆணி அடிச்சிருக்காங்க சார்" என்றாளாம். கார் சுற்றிக்கொண்டு போனது.

தேதி பற்றி ஒரு வார்த்தை, கவுண்ட்டருக்குச் சம்பந்தமில்லை என்றாலும். இந்தப் பக்கம் பந்தயம் வைப்பவர்கள் தைப்பூசத்தை ஒட்டிய நாட்களைத் தவிருங்கள். பழனிக்கு நடக்கும் பாதயாத்திரை இதே ரோட்டில்தான் போகும்.

யாருக்கு இது தேவை? ஐந்து கிலோமீட்டர் விழிப்புணர்வு நடை நடத்துபவர்களுக்கு வேண்டாம், அங்கே யாரும் நேரம் பார்ப்பதில்லை. காவலர் தேர்வுக்கோ ராணுவத் தேர்வுக்கோ பயிற்சி எடுக்கும் பிள்ளைகள் ஓடும் பந்தயம் என்றால் அவசியம். பத்து கிலோமீட்டரை 40 நிமிடத்தில் ஓடினேன் என்று ஒரு பெண் சொன்னால் அது உண்மையாக இருக்கவேண்டும். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: நீங்களே அளந்தால் அதிகாரபூர்வச் சான்றிதழ் கிடைத்துவிடாது. அதற்கு அங்கீகாரம் பெற்ற அளவீட்டாளர் வரவேண்டும், அவர் கொடுக்கும் சான்று ஐந்து வருஷத்துக்குச் செல்லும், அதுவும் பாதையை மாற்றாமல் இருந்தால். சாதனைக்குக் கணக்கில் எடுக்கப் பாதையின் இறக்கம் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டரைத் தாண்டக்கூடாது என்பது போன்ற விதிகளும் உண்டு. ஊர்ப் பந்தயத்துக்கு அதெல்லாம் உடனே வேண்டியதில்லை. ஒழுங்காக ஓட்டி, எண்களை நோட்டில் எழுதி வைத்தாலே போதும், நாளைக்கு அளவீட்டாளர் வந்தால் அவருக்கும் பாதி வேலை மிச்சம்.

சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் பந்தயம் நடத்துகிறவர்கள் கேட்டால் கவுண்ட்டரை இரவல் தருவோம். கொண்டுபோகிறவர்கள் தங்கள் சைக்கிளில் தாங்களே 300 மீட்டர் ஓட்டி எண் எடுக்கவேண்டும். என்னுடைய 3,456ஐ நோட்டில் பார்த்து எழுதிக்கொண்டு போனால் பிரயோஜனமில்லை.