டியூபுலர் 150, லித்தியம் 100: இன்வெர்ட்டர் பேட்டரியில் எது அதிக நேரம் ஓடும்?

காரிமங்கலத்தில் அண்ணன் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி போய்விட்டது. தருமபுரி கடையில் விசாரித்தபோது 150 ஏ.ஹெச். (ஆம்பியர் ஹவர்) டியூபுலரைவிட, அதாவது வழக்கமான ஈய பேட்டரியைவிட, 100 ஏ.ஹெச். லித்தியத்துக்கு விலை கூடுதலாகச் சொன்னார்கள். "ஏ.ஹெச். கம்மி, காசு மட்டும் ஜாஸ்தியாடா?" என்றார் அண்ணன். நியாயமான கேள்வி.

ஏ.ஹெச்.சை வோல்ட்டால் பெருக்கினால் வாட் ஹவர்; அதை ஆயிரத்தால் வகுத்தால் ஈபி பில்லில் பார்க்கும் யூனிட் கணக்கு வந்துவிடும். டியூபுலர் 12 × 150 = 1800 வாட் ஹவர், அதாவது 1.8 யூனிட். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் 12.8 × 100 = 1280, ஏறக்குறைய 1.3 யூனிட். இதுவரை டியூபுலர்தான் முந்துகிறது.

ஆனால் அந்த 150 என்பது பெரும்பாலும் சி20 கணக்கு. 7.5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் மெதுவாக இழுத்தால்தான் அவ்வளவு கிடைக்கும். அண்ணன் வீட்டில் இரண்டு ஃபேன், லைட்டுகள், டிவி சேர்த்து 200 வாட். இன்வெர்ட்டர் தின்பதையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து சுமார் 20 ஆம்பியர் போகும். அந்த வேகத்தில் ஈய பேட்டரி 120 ஏ.ஹெச். அளவுக்குத்தான் தரும். அதையும் அடிமட்டம் வரை காலி செய்தால் ஆயுள் குறையும் என்பதால் 80 சதவீதத்தோடு நிறுத்தினால் கையில் நிற்பது 1150 வாட் ஹவர். லித்தியம் இந்த வேகத்துக்கு அசராது. 90 சதவீதம் எடுத்தாலும் அதே 1150. இரண்டுமே ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடும்.

பழைய பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க நான் நம்புவது கடிகாரத்தைத்தான். முழுசாக சார்ஜ் ஏற்றி, 200 வாட் லோடு போட்டு, மெயினை அணைத்து, லோ பேட்டரி அலாரம் அடிக்கும்வரை நேரம் குறிக்க வேண்டும். முடிந்ததும் உடனே சார்ஜில் போட்டுவிட வேண்டும். அண்ணனுடையது ஒன்றரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்த்தால் ஐந்து செல்லில் 1.23, ஒன்றில் மட்டும் 1.15; அந்த ஒரு செல் பலவீனம். டிஸ்டில்டு வாட்டர் தீர்ந்தபோதெல்லாம் அண்ணி போர் தண்ணீரை ஊற்றியிருக்கிறார். நம் ஊர் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் என்றுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரே வந்தது. அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகள் பேட்டரித் தகட்டையும் கெடுக்கும். ஒகேனக்கல் தண்ணீரையும் ஊற்றக் கூடாது.

லித்தியத்தில் தண்ணீர் வேலையே இல்லை, தூக்கவும் லேசு. ஆனால் வோல்ட் மீட்டரை வைத்து அதன் இருப்பைச் சொல்ல முடியாது. ஈய பேட்டரி ஓய்வில் 12.7 காட்டினால் நிறைவு, 12.2 என்றால் பாதி. லித்தியமோ பாதிக்கு மேலேயும் கீழேயும் வெகுதூரம் 13.2, 13.3 என்றே நிற்கும். போன கரண்டையும் வந்த கரண்டையும் எண்ணிக் காட்டும் டிஸ்ப்ளே இருந்தால் மட்டும் வாங்குங்கள். இன்வெர்ட்டரில் லித்தியம் சார்ஜிங் முறை இருக்கிறதா என்பதும் முக்கியம்.

ஓசூரில் சோலார் வைத்திருக்கும் தங்கைக்கு லித்தியம்தான் சொன்னேன். தினமும் ஏறி இறங்கும் வேலைக்கு அது பல ஆண்டு கூடுதலாக உழைக்கும். கரண்ட் எப்போதாவது போகும் அண்ணன் வீட்டுக்கு டியூபுலரே போதும், பழசை எடைக்குப் போட்டாலும் காசு வரும். புது டியூபுலரை, சூடேறும் ஷீட் கூரை அறையில் வைக்காமல் நிழலான திண்ணைக்கு மாற்றினோம். முதல் வாரமே 200 வாட்டில் ஓட்டிப் பார்த்து, 4 மணி 40 நிமிடம் என்று இன்வெர்ட்டர் மேலேயே தேதியோடு எழுதி வைத்திருக்கிறோம். அடுத்த சித்திரையில் அதே லோடு போட்டுப் பார்க்க வேண்டும்.