மைக்ரோஃபைனான்ஸ் கம்பெனி லோனா, சேமிப்புக் குழுவா?

வீட்டுல தையல் மெஷின் போட பணம் வேணும்னு வந்தப்ப சின்னச் சின்னக் கடன் குடுக்குற மைக்ரோஃபைனான்ஸ் கம்பெனி, மெம்பர்களே பெட்டில பணம் சேத்து தங்களுக்குள்ள கடன் குடுத்துக்கிற சேமிப்புக் குழுன்னு இந்த ரெண்டையும்தான் விசாரிச்சோம், கடைசில குழுவுலயே வாங்கினோம், அதனால நான் சொல்றது கொஞ்சம் அந்தப் பக்கமாத்தான் இருக்கும்.

நகை, பத்திரம்னு ரெண்டுலயும் எதுவும் கேக்க மாட்டாங்க. கந்துவட்டிக்கு ரெண்டுமே எவ்வளவோ தேவலாம். தொகைன்னு பாத்தா கம்பெனிதான், குழுவுல பெட்டில சேந்திருக்கிறதத்தான் தர முடியும். வட்டில மட்டும் ஒண்ணு கவனிங்க, 12 சதவீதம்னு சொல்றது பிளாட் ரேட்டா, அதாவது அசல் குறைஞ்சாலும் முதல்ல வாங்கின முழுத் தொகைக்கே வட்டி போடுறதா இருந்தா, ஒரு வருஷ மாசத் தவணைல குறையிற அசலுக்குக் கணக்குப் போட்டா 21-ஐத் தாண்டிடும். குழுவுல கட்டுற வட்டி வருஷக் கடைசில பங்கு பிரிக்கிறப்ப மெம்பர்களுக்கே வந்துடும்.

ஆனா எங்களுக்கு முடிவு பண்ணினது வட்டி இல்ல, முதல் தவணை எப்பங்கிறதுதான். பங்களாதேஷோட கிராமீன் வங்கி பழக்கின வாரத் தவணை முறையத்தான் நிறைய கம்பெனிங்க எடுத்துக்கிச்சு, பணம் வாங்கின ஒண்ணு ரெண்டு வாரத்துலயே கட்ட ஆரம்பிக்கணும். மெஷின் வந்து, ஆர்டர் பிடிச்சு, தச்சுக் குடுத்து, காசு கைக்கு வர மாசக்கணக்காகும், அதுவரைக்கும் எதுல கட்டுறது? வாங்கின கடன்லயே ஒரு பங்க எடுத்து வெச்சுத்தான் கட்டணும், அப்ப தொழிலுக்குப் போறது மிச்சம்தான். கொல்கத்தால இத பரிசோதனையாவே பண்ணி 2013ல வெளியிட்டாங்க. ரெண்டு வாரத்துக்குப் பதிலா ரெண்டு மாசம் கழிச்சு தவணை ஆரம்பிச்சவங்க தொழில்ல அதிகம் போட்டாங்க, பின்னாடி லாபமும் கூடுச்சு, ஆனா கட்டாம விட்டவங்களும் கூடிட்டாங்க. கம்பெனிக்காரங்க ஏன் தள்ளிப்போட யோசிக்கிறாங்கன்னு இதுலயே தெரியுது.

எங்க குழுவுல முதல்ல வட்டி மட்டும் கட்டுங்க, ஆர்டர் வந்ததும் அசல் கட்டுங்கன்னு விட்டாங்க. பெட்டிக்கு மூணு பூட்டு, சாவி மூணு பேர்கிட்ட, கணக்க எல்லார் முன்னாடியும் சத்தமா வாசிப்பாங்க, அதனால ஏமாத்துறதும் கஷ்டம். தொல்லைன்னா ஒரே சமயத்துல நாலு பேருக்கு பணம் தேவைப்பட்டா யாராவது காத்திருக்கணும், அதுல மனஸ்தாபமும் வரும்.

லோன் வாங்கினா வறுமை போயிடும்னும் நம்பிடாதீங்க. இந்தியா, மொராக்கோ, மெக்ஸிகோன்னு ஆறு நாட்டு ஆய்வுகள் 2015ல ஒண்ணா வந்துச்சு, சராசரியா குடும்ப வருமானம் பெருசா ஏறல. காய்கறி விக்கிறது மாதிரி அன்னன்னைக்கு கைல காசு புழங்குற தொழில்னா வாரத் தவணை அவ்வளவா உறுத்தாதுன்னு தோணுது, அவங்களுக்கு கம்பெனி லோனே சரியா வரலாம்.