டர்பனின் இலையுதிர்கால அலைகளும் கேனான் ஆர்எஃப் 100-400 லென்ஸும்: ஒரு மதிப்புரை

கேனான் ஆர்எஃப் 100-400 மிமீ எஃப் 5.6-8 லென்ஸைப் பற்றி நான் படித்த மதிப்புரைகள் பெரும்பாலும் பறவைகளையும் சரணாலய விலங்குகளையும் வைத்தே எழுதப்பட்டவை. அலைச்சறுக்குப் படம் எடுப்பவருக்கு அது எவ்வளவு உதவும், அதிலும் தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடற்கரையில் மார்ச் முதல் மே வரையிலான பருவத்தில் எப்படி வேலை செய்யும் என்பதை விரிவாகச் சொன்ன ஒன்றும் என் கண்ணில் படவில்லை. பங்குனியும் சித்திரையும் தமிழ்நாட்டில் வெயில் ஏறும் மாதங்கள். தென்கோளத்தில், டர்பனில் வாழும் நமக்கோ அவை கோடையின் புழுக்கம் தணிந்து, காலைக் காற்று தெளிந்து, தெற்கிலிருந்து ஒழுங்கான அலைகள் வரத் தொடங்கும் மாதங்கள். கேமராவோடு டர்பன் கடற்கரைக்குப் போக ஆண்டில் இதைவிட நல்ல காலம் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். அந்தக் காலத்தின் பெரும்பாலான காலைகளுக்கு இந்த லென்ஸ் மிக நன்றாகப் பொருந்துகிறது; வானிலை புரளும் நாள்களில் அதற்குத் தாக்குப்பிடிக்கும் திறன் இல்லை.

முதலில் அடிப்படைத் தகவல்கள். இது 2021 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. எடை 635 கிராம். 67 மிமீ ஃபில்டர் பொருந்தும். 100 மிமீயில் எஃப் 5.6 ஆகத் தொடங்கும் துவாரம் 400 மிமீக்குப் போகும்போது எஃப் 8 ஆகச் சுருங்குகிறது; இந்த எண் கூடக் கூட உள்ளே வரும் ஒளி குறையும். கை நடுக்கத்தைக் குறைக்கும் வசதி உண்டு, அதை 5.5 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது இரு மடங்கு வேறுபாடு) என்று நிறுவனம் கணக்கிடுகிறது. மழைக்கும் தூசிக்கும் எதிரான அடைப்பு இல்லை, வெயில்மறைப்பையும் (லென்ஸ் ஹூட்) தனியாகத்தான் வாங்க வேண்டும். இதே நிறுவனத்தின் 100-500 எல் வகை (உயர்தர வரிசை) லென்ஸோ 1.37 கிலோ எடையுள்ளது, அடைப்புகளோடு வருவது. வெளியீட்டு விலையை வைத்துப் பார்த்தால் 100-400 அதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான்.

இந்த எண்கள் நம் கடற்கரையில் என்ன பொருள் தருகின்றன என்பதைச் சொல்ல, கடற்கரையின் அமைப்பைச் சற்று விளக்க வேண்டும். டர்பன் கடற்கரை கிழக்கு நோக்கியது. காலையில் மணலில் நின்று கடலைப் பார்த்தால் சூரியன் நேர் எதிரே நிற்கும். அலைச்சறுக்கு வீரர் வெறும் நிழலுருவாகத்தான் தெரிவார். ஆனால் நார்த் பீச், பே ஆஃப் பிளென்டி, நியூ பியர் என்று வரிசையாகக் கடலுக்குள் நீளும் பியர்கள் (நடைமேடைகள்) நமக்குக் கிடைத்திருக்கும் பெரிய வரம். அவற்றின் மீது நடந்து சென்று, உடையும் அலையைத் தாண்டி நின்று, பக்கவாட்டிலோ கரையை நோக்கித் திரும்பியோ பார்த்தால் இளவெயில் நம் முதுகுப் பக்கம் வந்துவிடும். வீரரின் முகம், பலகையின் நிறம், அலைச்சுவரின் வழுவழுப்பு எல்லாம் ஒரே பார்வையில் கிடைக்கும். 1989இல் கடற்கரைகள் அனைத்தும் எல்லோருக்கும் திறக்கப்படும்வரை இந்தக் கரையின் பெரும்பகுதி வெள்ளையருக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. இந்திய வம்சாவளியினர் பெருமளவில் வாழும் சாட்ஸ்வொர்த்திலிருந்தும் ஃபீனிக்ஸிலிருந்தும் வரும் நம் பிள்ளைகள் இன்று அதே பியரின் முனையிலிருந்து பலகையோடு குதிப்பதைப் படமெடுக்கும்போது அந்த வரலாறு எனக்கு நினைவுக்கு வராமல் போவதில்லை.

பியரிலிருந்து எடுக்கும்போது தூரம் குறைவு. வீரர் ஐம்பது அறுபது மீட்டருக்குள்ளேயே கடந்து போவார். அப்போது 200 மிமீயே போதும், சில சமயம் 100 கூட அதிகமாக இருக்கும். மணலிலிருந்து எடுக்கும்போது அலை உடையும் இடம் 150 மீட்டர் தள்ளி இருக்கலாம். அந்தத் தூரத்தில் 400 மிமீ லென்ஸ், முழுச்சட்டக சென்சாரில் சுமார் 13.5 மீட்டர் அகலத்தைக் காட்டும். ஆர்7 போன்ற, சென்சார் சிறியதான ஏபிஎஸ்-சி கேமராவில் எட்டு மீட்டருக்குச் சற்று அதிகமாகக் காட்டும். ஒரு வீரரையும் அவரைச் சூழ்ந்த அலையையும் அடக்க எட்டு மீட்டர் சரியான அளவு. ஆகவே இந்த லென்ஸை ஏபிஎஸ்-சி கேமராவோடு இணைப்பதே டர்பனுக்குப் பொருத்தம் என்று தயங்காமல் சொல்வேன். ஒரே இடத்தில் நின்று நூறிலிருந்து நானூறுக்குச் சட்டென மாற முடிவது இங்கே சொகுசு அன்று, தேவை. தெற்கிலிருந்து வரும் அலைகளை பிளஃப் மேட்டுநிலம் ஓரளவு மறைப்பதால் தெற்கு முனையிலுள்ள ஆடிங்டன் பக்கம் அலை சிறுத்தும் வடக்கே போகப் போகப் பெருத்தும் இருக்கும். துறைமுக வாயில் தடுத்துவிடும் மணலைத் தூர்வாரி எடுத்துக் குழாய் வழியே இந்தக் கரைகளுக்குத் திரும்பச் சேர்ப்பதால் மணல்திட்டுகளின் இருப்பும் ஓயாமல் மாறுகிறது. போன வாரம் அலை உடைந்த இடத்தில் இந்த வாரம் உடையாது. லென்ஸை மாற்ற நேரமில்லாத இந்த வேலைக்கு நீண்ட ஜூம் வீச்சு உண்மையிலேயே கைகொடுக்கிறது.

எஃப் 8 என்றதும் பலர் முகம் சுளிக்கிறார்கள். அந்தத் தயக்கத்தில் நியாயம் உண்டு, ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அச்சம் குறையும். அலைத் துளிகள் உறைந்து நிற்க ஷட்டர் வேகம் 1/1600 வினாடியாவது வேண்டும். நன்றாக வெயில் ஏறிய பிறகு எஃப் 8இல் அந்த வேகத்துக்கு ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு அளவு) 400 போதும். சூரியன் உதித்து அரைமணி நேரம் ஆன இளவெயிலில் 1600 அளவுக்குப் போகும், இன்றைய கேமராக்களில் இது ஒரு குறையே இல்லை. சிக்கல் வருவது விடியலுக்கு முன்னும் பின்னுமான அந்தச் சிறு இடைவெளியில்தான். ஏப்ரல் நடுவில் டர்பனில் சூரியன் காலை ஆறே காலை ஒட்டி உதிக்கிறது, மே கடைசியில் ஆறே முக்காலை நெருங்கிவிடுகிறது. வேலைக்குப் போகுமுன் கடலில் இறங்குபவர்கள் விடியலுக்கு முன்பே தண்ணீரில் இருப்பார்கள். அந்த வெளிச்சத்தில் 1/1600 கேட்டால் ஐஎஸ்ஓ 6400ஐத் தாண்டும். படம் மணல் மணலாகத் தெரியும். அப்போது வேகத்தைப் பிடிவாதமாகக் காக்காமல் 1/60க்கு இறக்கி, வீரரின் போக்கோடு கேமராவைத் திருப்பி, பின்னணி நீரை நீளக் கோடுகளாகக் கரைய விடுவதே நல்ல வழி. நடுக்கக்குறைப்பு இங்கே தன் திறமையைக் காட்டுகிறது. அந்தப் படங்களைத்தான் நான் அதிகம் அச்சிட்டிருக்கிறேன்.

கூர்மையைப் பற்றி: 100 முதல் 300 வரை முழுத்துவாரத்திலேயே நிறைவாக இருக்கிறது. 400இல் ஓரங்கள் சற்றே மென்மையாகின்றன, ஆனால் அலைப்படத்தில் ஓரம் என்பது பெரும்பாலும் நுரையோ வானமோதான். இதைவிட முக்கியமான ஒன்றைக் கவனிக்க வேண்டும். மே மாதக் காலைகளில் உள்நாட்டிலிருந்து இறங்கும் குளிர்ந்த நிலக்காற்று, அகுல்யாஸ் நீரோட்டத்தால் வெதுவெதுப்பாக இருக்கும் கடல் மீது வீசுகிறது. அப்போது நீர்ப்பரப்பை ஒட்டிய காற்று நடுங்கும், தூரத்துப் பொருள்களின் விளிம்புகள் குழையும். மணலிலிருந்து 400 மிமீயில் எடுத்த படம் தெளிவில்லை என்று லென்ஸைக் குறை சொல்பவர்கள் முதலில் பியருக்கு வந்து அருகிலிருந்து எடுத்துப் பார்க்கட்டும். பல நேரங்களில் குறை காற்றில்தான் இருக்கும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸும் அதைச் சரிசெய்யாது.

அதே நிலக்காற்றுதான் இந்தப் பருவத்தின் அழகுக்கும் காரணம். கரையிலிருந்து கடலை நோக்கி வீசி, உடையப்போகும் அலையின் நெற்றியைச் சற்று நேரம் தாங்கிப் பிடிக்கிறது. அலை நிமிர்ந்து, மெலிந்து, வளைகிறது. சூரியனுக்கு எதிரே மணலில் நின்று எடுத்தாலும் அந்த மெல்லிய விளிம்பின் வழியே ஒளி ஊடுருவி, நீர் பச்சைக் கண்ணாடி போலத் தெரியும். காற்று விளிம்பிலிருந்து பிய்த்தெடுக்கும் துளிகள் பின்னோக்கிப் பறந்து, ஒவ்வொன்றும் தனித்தனியாக மின்னும். 1/2000 வினாடியில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், உருண்டையான துளிகளுக்கு நடுவே இழுபட்டு நூலாக நீண்டவையும், அப்போதுதான் இரண்டாகப் பிரிபவையும் தெரிகின்றன. இந்த விலையில் ஒரு லென்ஸ் அதைக் காட்டுவது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஒரு நிபந்தனை: சூரியன் சட்டத்துக்குள்ளோ அருகிலோ இருக்கும்போது பாதுகாப்பு ஃபில்டரைக் கழற்றிவிட வேண்டும். இல்லையென்றால் அதில் எதிரொளித்த ஒளிப்புள்ளிகள் அலையின் நடுவே வந்து விழும்.

குவியம் வேகமானது, சத்தமில்லாதது. மனிதரைக் கண்டறியும் வசதியோடு பயன்படுத்தினால், அலைக்குள் மறைந்து வெளிவரும் வீரரைப் பெரும்பாலும் விடாமல் பற்றிக்கொள்கிறது. முன்னால் திடீரென நுரை எழும்பினால் மட்டும் அதன் மீது தாவும். கேமராவின் அமைப்பில் தடைகளைப் பொருட்படுத்தாமல் பின்தொடரும்படி உணர்திறனைக் குறைத்து வைத்தால் இது பெரிதும் தீர்கிறது.

இனி வானிலை மாறும் நாள்கள். இந்தக் கரையை அறிந்தவர்களுக்கு அந்த ஒழுங்கு தெரியும்: முதலில் வடமேற்கிலிருந்து உலர்ந்த சூடான மலைக்காற்று, பிறகு சற்று நேரம் அசைவே இல்லாத அமைதி, அதன்பின் தென்மேற்கிலிருந்து அடித்துப் புரட்டும் குளிர்காற்றும் தாழ்ந்த மேகமும். சில நிமிடங்களிலேயே கடலின் நிறம் ஈயமாகிவிடும். ஒளியின் நாடகம் உச்சத்தில் இருக்கும் அந்த நேரத்தில்தான் படம் எடுக்க மனம் துடிக்கும். ஆனால் ஒளி குறைந்து ஐஎஸ்ஓ 3200, 6400 என்று ஏறும். மழைச்சாரலும் உப்புநீர்த் தூறலும் பக்கவாட்டில் வரும். ஜூம் செய்யும்போது இந்த லென்ஸின் குழல் வெளியே நீள்கிறது. நனைந்த குழலை அடைப்பில்லாத உடலுக்குள் இழுப்பது உப்பையும் உள்ளே இழுப்பதுதான். மழையுறை போட்டுச் சமாளிக்கலாம் என்றாலும், தென்மேற்குக் காற்று எழுந்ததும் நான் இதைப் பைக்குள் வைத்துவிடுகிறேன், மற்றவர்களுக்கும் அதையே சொல்வேன்.

இலையுதிர்காலத்தின் சீற்றத்தை யாரும் குறைத்து மதிப்பிட வேண்டாம். 2007 மார்ச்சில், ஆண்டின் மிக உயர்ந்த ஓதங்களில் ஒன்றோடு புயலலைகளும் சேர்ந்து வந்து டர்பன் அடங்கிய குவாசூலு-நடால் மாகாணத்தின் கரையை அரித்துச் சென்றபோது, ரிச்சர்ட்ஸ் பே பக்கம் அளவிடப்பட்ட அலை உயரம் 8.5 மீட்டர். 2022 ஏப்ரலில் பெய்த பெருமழை நானூறுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. ஆறுகள் கொண்டுவந்த சேறும் குப்பையும் கரையெங்கும் குவிந்தன, கழிவுநீர் கலந்ததால் கடற்கரைகள் நீண்டகாலம் மூடப்பட்டிருந்தன. கனமழைக்குப் பின் உம்கேனி ஆறு கலக்கும் புளூ லகூன் பக்கத்திலிருந்து பழுப்பு நீர் தெற்கே பரவுவதை இன்றும் பார்க்கலாம். அந்த நிறத்தை வெள்ளைச் சமநிலையால் (கேமராவின் நிறச் சரிப்படுத்தலால்) நீலமாக்கப் பார்ப்பது வீண்வேலை மட்டுமன்று, உண்மைக்கும் மாறானது. பழுப்பு நீரைப் பழுப்பாகவே பதிவுசெய்யுங்கள்.

பராமரிப்பு எளியது, ஆனால் அன்றன்றே செய்ய வேண்டும். கடற்கரையில் ஒரு மணி நேரம் நின்றாலே முன்கண்ணாடியில் மெல்லிய உப்புப் படலம் படிந்திருக்கும். சாய்த்துப் பிடித்தால் பாலாடை படிந்ததுபோல் மங்கித் தெரியும். அதை உலர்ந்த துணியால் துடைத்தால் உப்புத்துகள் கண்ணாடிப் பூச்சைக் கீறும். முதலில் ஊதுகுமிழால் மணலை ஊதிவிட்டு, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மென்துணியால் உடலையும் வளையங்களையும் துடைத்து, பிறகு கண்ணாடிக்கு வர வேண்டும். குழலை முழுவதும் நீட்டி வைத்துத் துடைப்பது முக்கியம்.

எடை குறைவென்பதை ஒரு வசதியாக மட்டும் நான் பார்க்கவில்லை. சிறிய பைக்குள் அடங்கும் லென்ஸ் தெருவில் யாருடைய கவனத்தையும் ஈர்ப்பதில்லை. விடியற்காலையில் வண்டியை நிறுத்திவிட்டு நடைபாதையில் நடக்கும்போது அது மனத்துக்குத் தைரியம் தருகிறது. முக்காலி இல்லாமல் இரண்டு மணி நேரம் கையில் பிடித்திருக்கவும் முடிகிறது. பெரிய லென்ஸ் வைத்திருப்பவர்கள் பலர் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவதைப் பார்த்திருக்கிறேன்.

யாருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்? பிளஃபின் வெளிப்புறத்தில் உள்ள கேவ் ராக் போன்ற பாறை அலைகளைத் தேடிப் போகிறவர்களுக்கும், புயல்நாள் கடலே தம் பொருள் என்று கொண்டவர்களுக்கும் வேண்டாம். அங்கே தூறலும் தூரமும் இரண்டும் அதிகம். அவர்கள் 100-500க்குச் சேமிப்பது நல்லது. அல்லது 2014இல் வந்த கேனானின் பழைய இஎஃப் வகை இணைப்புக்கான 100-400 எல் இரண்டாம் பதிப்பைப் பயன்படுத்தப்பட்டதாக வாங்கி, மாற்றுவளையத்தோடு இணைக்கலாம். அது 400இலும் எஃப் 5.6 தரும், அதாவது இதைப்போல் இரு மடங்கு ஒளி. ஆனால் எடை ஒன்றரைக் கிலோவைத் தாண்டும். பியர்களில் நின்று தெளிந்த காலைகளை எடுக்க விரும்புகிறவர்கள் இந்த 100-400ஐயே வாங்கலாம். வாங்கும்போதே வெயில்மறைப்பையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். எதிர்வெயிலில் எடுப்பவர்களுக்கு அது இல்லாமல் ஆகாது, தூறலிலிருந்து முன்கண்ணாடியை ஓரளவு காப்பதும் அதுதான்.