மார்பில் நின்ற நீலமும் வெள்ளவத்தையில் விட்ட காசும்

போன வருடம் கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலையில் எனக்கு மார்புப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சை நடந்தது. கட்டியோடு, நோய் கமக்கட்டுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க நிணநீர்க் கணு ஒன்றையும் எடுத்தார்கள். அன்று இரவே சிறுநீர் பச்சையாகப் போனது. பதறி மணியடித்தால், வந்த மிஸ் "அது அப்படித்தான்" என்றுவிட்டுப் போய்விட்டார். பிறகு கட்டைப் பிரித்தபோது காம்பைச் சுற்றிப் பேனா மை ஊறியது போல ஒரு நீலத் திட்டு. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, அது என் பிழைதான்.

ஒரு மாதமாகியும் நீலம் போகவில்லை. தோல் அழுகுகிறதோ, நோய் திரும்பிவிட்டதோ என்று ராத்திரி நித்திரை இல்லை. மச்சாள் சொல்லி, வெள்ளவத்தையில் காலி வீதிப் பக்கம் ஒரு தோல் அழகு நிலையத்துக்குப் போனேன். வெள்ளைக் கோட்டு போட்ட பெண் என் ரிப்போர்ட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "பிக்மென்டேஷன் அக்கா, நாலு சிட்டிங்கில் போய்விடும்" என்றார். கிரீமோடு சேர்த்து 48,000 ரூபாய், முழுக்க முற்பணம். இரண்டாவது சிட்டிங்கிலேயே தோல் எரிந்து உரிந்தது. நீலம் அசையவில்லை.

கதிர்ச் சிகிச்சைக்கு மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போனபோதுதான் குட்டு உடைந்தது. உரிந்த தோலைப் பார்த்த டொக்டர், புண் ஆறும்வரை சிகிச்சையைத் தள்ளிப் போட்டார். அப்புறம் பொறுமையாக விளக்கினார். மார்பில் நீலச் சாயம் ஊசியால் ஏற்றுவார்கள். அது நிணநீர் வழியே போய் முதலில் சேரும் கணுவை நீலமாக்கும். அதை எடுத்துச் சோதிப்பார்கள். அதில் நோய் இல்லையென்றால் கமக்கட்டை முழுக்கத் துப்புரவாக்கி, கை வீங்கிக் கஷ்டப்பட வேண்டியதில்லை. சாயத்தின் மேல் எனக்குக் கோபமே இல்லை, என் கையைக் காப்பாற்றியது அதுதான். மிச்சச் சாயம் தோலில் மாதக் கணக்கில் நிற்குமாம், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும். தோலின் சொந்த நிறமியைக் குறைக்கிற கிரீமுக்கு அங்கே என்ன வேலை?

வீட்டுக்கு வந்து, நான் கையெழுத்திட்ட படிவத்தின் பிரதியை மகளிடம் கொடுத்தேன். முழுக்க ஆங்கிலம். மூன்றாம் பக்கத்தில் சாயம் பற்றி ஒரே ஒரு வரி.

ஆகவே இந்தப் பரிசோதனைக்குப் போகிறவர்கள் என்ன சாயம், எவ்வளவு காலம் நிற்கும் என்று முன்பே கேளுங்கள். ஒவ்வாமை இருந்தால் சொல்லுங்கள். அது மெத்திலின் புளூ என்ற சாயம் என்றால், மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர்கள் அதையும் கட்டாயம் சொல்ல வேண்டும். வெறும் நீலத்துக்குப் பயப்படாதீர்கள். ஆனால் சிவப்பு, சூடு, சீழ், காய்ச்சல், தோல் கறுத்துப் புண்ணாவது என்றால் உடனே சத்திரசிகிச்சை செய்த டொக்டரிடம் போங்கள், அழகு நிலையத்துக்கு அல்ல.

பதினொரு மாதமாகிறது, இப்போது திட்டு மங்கி ஒரு ரூபாய்க் குற்றியளவுதான். மிச்ச இரண்டு சிட்டிங் காசைத் திருப்பிக் கேட்டேன். பேக்கேஜ் காசு திரும்பக் கிடைக்காதாம், வேண்டுமென்றால் ஒரு ஃபேஷியல் இலவசமாகச் செய்து தருகிறார்களாம்.